வேட்டைக்கு லைசென்ஸ் கொடுத்தால் கோடியக்கரையில் மான் பெருகுமா?

கேள்வி: ஐயா, வேதாரண்யம் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் கொல்லை. கடலை போடுகிறேன், ஓரத்தில் கொஞ்சம் முல்லை. சின்ன வயதில் கோடியக்காடு ரோட்டில் சைக்கிளில் போனாலே வெளிமான் (பிளாக்பக்) கூட்டம் கண்ணில் படும். இப்போது தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. டெக்சாஸில் இருக்கும் என் தங்கை மகன், "அங்கே லைசென்ஸ் வாங்கி மான் சுடுகிறார்கள், சுடச் சுட மான் பெருகுகிறது, நம் ஊரில்தான் தடை போட்டே மானை ஒழிக்கிறார்கள்" என்கிறான். நம் வெளிமானையே அங்கே ஒரு பண்ணையில் பார்த்தானாம். அவன் சொல்வதில் நியாயம் உண்டா? நம் சட்டத்தையும் அப்படி மாற்றலாமா? இன்னொன்று, ராத்திரியில் புள்ளிமான் வந்து என் கடலையை அழிக்கிறது. அதற்கு என்ன வழி? (பெயர் வேண்டாம், வேதாரண்யம் வட்டம்)

பதில்: உங்கள் தங்கை மகன் சொல்வதில் பாதி சரி. ஆனால் அதற்கு அவர் காட்டும் சாட்சி தப்பான மான்.

டெக்சாஸில் அவர் பார்த்த வெளிமான், 1930களில் நம் நாட்டு மானைக் கொண்டுபோய் விட்ட வழியில் வந்தது. புள்ளிமானும் அப்படிப் போனதுதான். அந்த மாநிலம் இரண்டையும் வெளியூர் விலங்காக வைத்திருக்கிறது. தனியார் நிலத்தில் அவற்றைச் சுட வேட்டை லைசென்ஸ் ஒன்று இருந்தால் போதும். இந்த மாதங்களில்தான் சுடலாம் என்ற பருவம் கிடையாது, ஆளுக்கு இத்தனை என்ற வரம்பும் கிடையாது. பண்ணைக்காரர் வேலி அடித்து, புல்லையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு, ஒரு தலைக்கு இவ்வளவு என்று விலை பேசி விடுகிறார். அது கிட்டத்தட்ட ஆட்டுப்பண்ணைக் கணக்கு. வேட்டைக் கட்டுப்பாட்டால் மான் பெருகியது என்பதற்கு அதைச் சாட்சியாகக் கொண்டுவர முடியாது, ஏனென்றால் அங்கே கட்டுப்பாடே இல்லை. (பாகிஸ்தானில் காட்டு வெளிமான் அற்றுப்போன பிறகு, டெக்சாஸிலிருந்துதான் சிலவற்றை வரவழைத்து லால் சுஹான்ரா பூங்காவில் விட்டார்கள். மான் ஊரைச் சுற்றி வந்த கதை அது.)

உண்மையான சாட்சி அந்த ஊரின் சொந்த மானான வெள்ளைவால் மான். 1900 வாக்கில் அமெரிக்கா முழுக்கவும் அது 3 முதல் 5 லட்சம்தான் மிஞ்சியிருந்தது என்பது அவர்கள் மதிப்பீடு. இன்றைக்கு 3 கோடியைத் தொடுகிறது. நடுவில் என்ன நடந்தது? வேட்டையை அடியோடு நிறுத்தவில்லை, ஒழுங்குபடுத்தினார்கள். முதலில் கை வைத்தது சந்தையில். அதுவரை காட்டில் சுட்ட மானை ரயிலேற்றி நகரத்து இறைச்சிக் கடைக்கு அனுப்புவதே பலருக்குப் பிழைப்பு. ஒரு மாநிலத்தில் திருட்டுத்தனமாகக் கொன்றதை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய் விற்பதை 1900ல் லேசி சட்டம் குற்றமாக்கியது. மாநிலங்களும் மான்கறி விற்பனைக்குத் தடை போட்டன. சுடுவதைத் தடுத்ததைவிட விற்பதைத் தடுத்ததுதான் பெரிய வேலை செய்தது என்பது என் எண்ணம். வீட்டுக்கு மட்டும் சுடுகிறவன் ஒன்றோடு நிறுத்திக்கொள்வான், விற்கச் சுடுகிறவனுக்கு நிறுத்த ஒரு காரணமும் இல்லை.

அப்புறம் வந்தவை பருவம், வரம்பு, ஆண் மானை மட்டும் சுடலாம் என்ற விதி. இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், கட்டுப்பாடு எப்படி வேலை செய்கிறது என்பது இதில்தான் புரியும். 60 பெண்ணும் 40 ஆணுமாக ஒரு மான் கூட்டம் இருக்கிறது என்று வையுங்கள். ஆணில் 10 போனாலும் மிச்சமுள்ள 30 ஆண்கள் 60 பெண்களோடும் சேர்ந்துவிடும். அடுத்த வருடம் பிறக்கிற குட்டிகளின் எண்ணிக்கை குறையாது. பெண்ணில் 10 போனால், அடுத்த வருடம் அவை ஈன வேண்டிய குட்டிகள் போச்சு. அந்தக் குட்டிகளில் பாதி பெண்ணாக வளர்ந்து ஈன வேண்டியதும் போச்சு. அதனால்தான் குறைந்துவரும் கூட்டத்தில் முதலில் பெண் மானுக்குப் பாதுகாப்பு கொடுப்பார்கள். கூட்டம் அளவுக்கு மீறிப் பெருகினால் அதே விதியைத் திருப்பிப் போட்டு, பெண் மானைச் சுட அதிகம் சீட்டு கொடுப்பார்கள். இப்போது அமெரிக்காவின் பல மாநிலங்களில் நடப்பது இந்த இரண்டாவது வகைதான். வெள்ளைவால் மான் காட்டு நாற்றுகளை எல்லாம் மேய்ந்து, புதிய மரம் வராமல் செய்துவிட்டது. ஆண் மானை மட்டும் குறி வைப்பதிலும் ஓர் அளவு உண்டு. பெரிய ஆண்களாகப் பார்த்துக் கழித்துக்கொண்டே போனால் கூட்டத்தில் விடலைகள்தான் மிஞ்சும். இணை சேர்வது தள்ளிப்போகும், குட்டிகள் பருவம் தப்பிப் பிறக்கும்.

இதற்கெல்லாம் பணம் வேண்டுமே? 1937ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியை மாநிலங்களின் வன உயிர் வேலைக்கென்றே ஒதுக்கினார்கள். லைசென்ஸ் காசையும் வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது என்று நிபந்தனை. அந்தக் காசில்தான் காவலர்கள், கணக்கெடுப்பு, நிலம் வாங்குவது எல்லாம் நடந்தன. உங்கள் தங்கை மகன் சொல்வதில் சரியான பாதி இதுதான்.

இனி அவர் பார்க்காத பக்கம். அதே நாட்டில் கொலராடோ மாநிலத்தில் கழுதைமான் என்று ஒரு வகை. காது கழுதைக் காது போல இருப்பதால் அந்தப் பெயர். அது குறைந்துகொண்டே வந்ததும், 1999ல் மான் லைசென்ஸ் முழுவதையும் குலுக்கல் முறைக்கு மாற்றி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினார்கள். என்ன ஆயிற்று? கூட்டத்தில் ஆண் மான்களின் விகிதம் கூடியது. மொத்தக் கூட்டம் அந்த அளவுக்கு எழவில்லை. குளிர்காலத்தில் தாய்க்கும் குட்டிக்கும் தீனி பற்றாததுதான் அங்கே பெரிய முட்டுக்கட்டை. பிறகு ஒரு மேட்டுநிலத்தில் ஆராய்ச்சியாளர்கள் குளிர்காலத்தில் கூடுதல் தீனி வைத்துப் பார்த்தபோது குட்டிகள் பிழைப்பது கூடியது. துப்பாக்கி தடுத்துவைத்திருந்த கூட்டத்துக்கு வேட்டைச் சட்டம் மருந்து. தீனிக் குறை தடுத்துவைத்திருக்கும் கூட்டத்துக்கு அதே சட்டத்தை எவ்வளவு இறுக்கினாலும் தளர்த்தினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

சரி, நம் கோடியக்கரைக்கு வருவோம்.

நாமும் லைசென்ஸ் வேட்டையைப் பார்த்தவர்கள்தான். 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது புள்ளிமான் வேட்டைக்கு லைசென்ஸ் வாங்கலாம் என்றே இருந்தது. வண்டியிலிருந்து சுடக் கூடாது, தண்ணீர்த் துறையில் பதுங்கிச் சுடக் கூடாது, பெண் மானும் குட்டியும் காக்கப்பட வேண்டும் என்றெல்லாம் அதில் நிபந்தனைகள் உண்டு. ஜீப்பும் சர்ச்லைட்டும் சேர்ந்து நாடு முழுவதும் செய்த அழிவைப் பார்த்தவர்கள் எழுதியவை அவை. 1991ல் திருத்தம் கொண்டுவந்து லைசென்ஸ் முறையையே எடுத்துவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1967லேயே, வெளிமானுக்காகவே கோடியக்கரை சரணாலயம் ஆகிவிட்டது. இன்றைக்கு வெளிமான் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில், இருக்கிறது. புள்ளிமான் 2023 ஏப்ரல் முதல் இரண்டாம் அட்டவணையில். முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் 3 முதல் 7 வருடம் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் அது புள்ளிமானாக இருந்தாலும் இதே தண்டனைதான்.

ஆக, அமெரிக்கர்கள் 1900க்குப் பிறகு செய்த வேலையின் முதல் கட்டத்தை நாம் எப்போதோ முடித்துவிட்டோம். அதனால் பலனும் உண்டு. தடை இல்லாத சில ஊர்களில் வெளிமானே இல்லாமல் போனது. நம்மிடம் கிண்டியிலும் வல்லநாட்டிலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் கோடியக்கரையிலும் இன்னும் இருக்கிறது. உலக அளவில் அதை ஆபத்துப் பட்டியலின் கீழ்ப்படிக்கே இறக்கிவிட்டார்கள். தடை மானை ஒழிக்கவில்லை. இருக்கிற மான் தடையால்தான் மிஞ்சியது.

அப்படியானால் நீங்கள் பார்த்த கூட்டம் ஏன் இல்லை? இதற்குத் துப்பாக்கியைத் தேட வேண்டாம், தரையைப் பாருங்கள்.

வெளிமான் திறந்த வெளியில் வாழ்கிற பிராணி. தூரத்தில் வருவதைக் கண்ணால் பார்த்து, காலை நம்பி ஓடித் தப்பிப்பது அதன் வழக்கம். ஆண் தனக்கென்று ஓர் இடம் பிடித்து, அங்கேயே புழுக்கை போட்டுக் குவித்து எல்லை வைத்துக்கொள்ளும். அதற்குத் தேவை குட்டைப்புல் வெளி. கோடியக்கரையில் அந்த வெளிக்குள் சீமைக் கருவேலம் நுழைந்துவிட்டது. எப்படி நுழைகிறது என்று தெரிய வேண்டுமானால் கோடையில் ராமர் பாதம் என்ற வழிபாட்டு இடத்துக்குப் போகிற வழியில், அங்கே திரியும் மட்டக்குதிரையின் லத்தி ஒன்றைக் குச்சியால் உடைத்துப் பாருங்கள். உள்ளே கருவேல விதை செரிக்காமல் அப்படியே இருக்கும். முதல் மழைக்கு அந்த லத்தியே நாற்றங்கால். குதிரையும் மாடும் இனிப்புக்காக நெற்றைத் தின்று, போகிற இடமெல்லாம் விதைக்கின்றன. மானும் இதில் ஒன்றும் யோக்கியம் இல்லை, அதுவும் தின்கிறது. ஐந்தாறு வருடம் விட்டால் வெளி புதராகிவிடும். புதருக்குள் வெளிமான் நிற்காது. புள்ளிமானுக்குப் புதர் அவ்வளவு தொந்தரவு இல்லை. உங்கள் கொல்லைக்கு வருவது புள்ளிமானாகவும், காணாமல் போனது வெளிமானாகவும் இருப்பதற்கு ஒரு காரணம் இதுவே.

மிச்சம் இருக்கிற புல்லுக்கு மட்டக்குதிரையும் ஊர் மாடும் போட்டி. கோடையில் குட்டைகள் வற்றினால் நல்ல தண்ணீருக்கும் போட்டி. மூன்று பக்கம் கடலும் சதுப்பும் உப்பளமும், ஒரு பக்கம் ஊர். சரணாலயம் மொத்தமே 20 சதுர கிலோமீட்டர் அளவுதான். வேறெங்கும் நகர்ந்து போய்விட்டுத் திரும்பி வர வழியில்லாத இடத்தில் ஒரு புயல் போதும். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா கரையேறியது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மானும் குதிரையும் செத்து ஒதுங்கியதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது நாய். இன்றைக்கு டெல்டா ஓரத்தில் மானுக்கு வேட்டைக்காரன் யார் என்று கேட்டால் நான் முதலில் நாயைத்தான் சொல்வேன். செத்துக் கிடக்கும் மானைப் பார்த்தாலே காரணம் ஓரளவு தெரியும். நாய் துரத்தியது என்றால் பின்தொடையிலும் வாலடியிலும் கிழிந்திருக்கும், பல் தடம் தாறுமாறாக இருக்கும். சுருக்கு என்றால் கழுத்திலோ காலிலோ முடி வட்டமாகத் தேய்ந்து, கம்பி பதிந்த கோடு தெரியும். இரண்டாவது வகையைப் பார்த்தால் உடனே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், ஒரு சுருக்கு இருக்கும் இடத்தில் பத்து இருக்கும். கடி பலமாக இல்லாத மானும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. உயிரைக் கையில் பிடித்து ஓடிய ஓட்டத்திலேயே தசை கெட்டு, ஓரிரு நாளில் விழுந்துவிடும். நாய் கொன்ற மான்தானே என்று அறுத்துப் பங்கு போடுவதும் குற்றம்தான். காட்டு விலங்கின் உடல் எப்படிச் செத்திருந்தாலும் அரசு சொத்து, கறியை வைத்திருந்தாலே வழக்கு வரும்.

இப்போது உங்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்கலாம். வேட்டைச் சட்டத்தின் மூளை எங்கே இருக்கிறது? குட்டி ஈனும் பருவத்தில் தொந்தரவு கூடாது, தாயைக் காப்பாற்று, எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து முடிவெடு. இந்த மூன்றையும் துப்பாக்கிக்குப் பதிலாக நாய்க்கும் மாட்டுக்கும் வண்டிக்கும் போட்டால் நமக்கான கட்டுப்பாடு கிடைத்துவிடும். வெளிமான் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான் போடும். முதல் சில வாரம் அதைப் புல்லில் மறைத்துவைத்துவிட்டு, பால் கொடுக்க மட்டும் வந்துபோகும். குட்டி அசையாமல், காதைக் கூட ஆட்டாமல், தரையோடு ஒட்டிக் கிடக்கும். மனிதக் கண்ணுக்கு அது தப்பிக்கும், நாய் மூக்குக்குத் தப்பாது. எல்லையோர ஊர்களில் அந்தப் பருவத்திலாவது வீட்டு நாயை ராத்திரியில் கட்டிப்போட வேண்டும் என்று கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டால், எந்தத் துப்பாக்கி லைசென்ஸையும்விட அது அதிகக் குட்டிகளைக் காப்பாற்றும். தெரு நாய்க்குக் கருத்தடை செய்வது 2023ல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி உள்ளாட்சியின் பொறுப்பு. அதை மனுவாக எழுதிக் கேளுங்கள். அப்படிப் புல்லில் கிடக்கும் குட்டியை அநாதை என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கி வரவும் கூடாது. தாய் பக்கத்தில்தான் நிற்கும், நீங்கள் நகர்ந்தால் வரும்.

கணக்கெடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வனத்துறை கல்லூரி மாணவர்களையும் ஆர்வலர்களையும் சேர்த்துக்கொண்டு கோடியக்கரையில் மான் எண்ணுகிறது. நீங்களும் பெயர் கொடுக்கலாம், உள்ளூர்க் கண் ரொம்ப உதவும். ஆனால் ஒரு வருடக் கணக்கு கூடியது குறைந்தது என்று பத்திரிகையில் வந்ததும் சந்தோஷமோ துக்கமோ படாதீர்கள். அன்றைக்கு மூடுபனியாக இருந்தால் எண்ணிக்கை குறையும். பல வருடப் போக்கைப் பாருங்கள். அதைவிட, பெண் மான்களுக்கு எத்தனை குட்டி கூட நடக்கிறது என்று பாருங்கள். குட்டி விகிதம் விழுந்தால் மொத்த எண்ணிக்கை பின்னாலேயே விழும்.

நம் சட்டத்தை மாற்றி லைசென்ஸ் வேட்டை கொண்டுவரலாமா என்றால், கோடியக்கரைக்கு என் பதில் வேண்டாம் என்பதே. கொள்கை அளவில் எனக்கு அதில் வெறுப்பு இல்லை. பாகிஸ்தானில் பலுச்சிஸ்தானத்து தோர்கர் மலையில் மார்க்கோர் என்ற காட்டாடு அற்றுப்போகும் நிலையில் இருந்தபோது, 1980களில் உள்ளூர்ப் பழங்குடியினரே வேட்டையை நிறுத்தி, வருடத்துக்குச் சில கிழட்டு ஆண்களை மட்டும் வெளிநாட்டு வேட்டைக்காரருக்குப் பெரும் விலைக்கு விட்டு, அந்தக் காசில் காவல் போட்டார்கள். ஆடு மீண்டது. பாகிஸ்தானின் மார்க்கோர் அனுமதிக் கட்டணத்தில் 80 சதவீதம் ஊர்க்காரருக்குப் போகிறது. அங்கே குறைந்ததற்குக் காரணம் துப்பாக்கி, மலை பரந்தது, காவல் ஊர்க்காரர் கையில். இங்கே மூன்றும் இல்லை. இருபது சதுர கிலோமீட்டரில், பக்தர்களும் பறவை பார்க்க வருகிறவர்களும் நடமாடும் சமவெளியில், தோட்டா எங்கே போய் நிற்கும்? லைசென்ஸ் என்று ஒன்று வந்துவிட்டால் கறிக்கு ஒரு சந்தையும் வரும். சட்டப்படி சுட்ட கறி எது, சுருக்கில் பிடித்த கறி எது என்று கசாப்புக் கத்திக்குத் தெரியாது.

உங்கள் கடலைக் கொல்லைக்கு வருவோம். முதலில் வந்தது மான்தானா என்று பாருங்கள். மண்ணைக் கிளறிக் காயைத் தின்றிருந்தால் அது பன்றி. நுனித்தழை மட்டும் போயிருந்தால் மான். மானுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லாததால் வெட்டாமல் பிய்க்கும், தண்டின் முனை நார் நாராக இருக்கும். பக்கத்து வீட்டு ஆடும் இப்படித்தான் பிய்க்கும், அதனால் காலடியையும் பாருங்கள். பன்றியின் தடத்தில் குளம்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் புள்ளி விழும்.

மான் என்றால் பட்டா நிலமானாலும் நீங்கள் சுடவோ சுருக்கு வைக்கவோ முடியாது. கரண்ட் கம்பியில் நேராக மின்சாரம் கொடுப்பது மானுக்கு முன்னால் உங்கள் வீட்டு ஆளையே கொல்லும். உங்கள் பக்கம் பழைய மீன் வலையை வேலியாகக் கட்டுவது வழக்கம், அதையும் விட்டுவிடுங்கள். ஆண் மானின் கொம்பு நைலான் வலையில் சிக்கினால், அது தலையைத் திருப்பத் திருப்பக் கண்ணி இறுகும். விடிவதற்குள் கழுத்து முறுக்கிச் செத்துக் கிடக்கும், நாளைக்கு வழக்கு உங்கள் பெயரில் வரும். உயர முள்வேலியோ நெருக்கமான உயிர்வேலியோ போடுங்கள். முடியாவிட்டால் கடலை பூ எடுத்துக் காய் பிடிக்கும் வாரங்களில் மட்டும் பழைய சேலைகளை ஆளுயரத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். மான் மறுபக்கம் தெரியாத இடத்தில் தாண்டத் தயங்கும். இடத்தையும் நிறத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தால்தான் பலிக்கும்.

பன்றி என்றால் விதி வேறு. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுட 2025ல் தமிழக அரசு அனுமதி கொடுத்திருக்கிறது. ஆனால் சுட வேண்டியது பயிற்சி பெற்ற வனத்துறை ஆள், நீங்கள் அல்ல. அதற்கும் உட்பட்ட தூரத்தில் இருந்தால் சுட மாட்டார்கள்.

எதுவாக இருந்தாலும் நஷ்டஈடு கேட்கலாம். காலையில் பார்த்ததும் செடியைப் பிடுங்கிச் சுத்தம் செய்துவிடாதீர்கள். காலடித் தடத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். சிட்டா, அடங்கல் நகலோடு வனச்சரகரிடம் மனு கொடுத்து, கையெழுத்தும் தேதியும் போட்ட ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் உதவி அலுவலரும் வந்து சேதத்தைப் பார்க்கும்வரை கொல்லையை அப்படியே விட்டுவையுங்கள்.